மூன்று பந்திகள்

வரகனேரி இன்று திருச்சிக்குள் ஒரு பேட்டை. காந்தி மார்க்கெட் இரைச்சலைத் தாண்டினால் வந்துவிடும். ஸ்ரீரங்கம் காவிரிக்கு அந்தப்புறம். நடுவில் ஒரு பாலம். வேலை நாட்களில் இந்தப் பாலத்தை நான் இரண்டு முறை கடக்கிறேன். 1907இல் இந்த இரண்டு ஊர்களையும் சேர்ந்தவர்கள், ஊருக்கு ஒருவராக, லண்டனுக்குப் படிக்கப் போனார்கள். ஒருவர் வ.வே.சு. ஐயர், பாரிஸ்டர் படிப்புக்கு. மற்றவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன், மருத்துவத்தில் மேல்படிப்புக்கு. முதலாமவருக்கு வயது இருபத்தாறு. இரண்டாமவர் ஒரு வயது மூத்தவர். இருவரும் அதற்கு முன் ரங்கூனில் பிழைப்புப் பார்த்தவர்கள்.

ஐயரைப் பற்றி நம்மிடம் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று பாடப்புத்தகத்துப் படம்: தாடி, துப்பாக்கி, மாறுவேஷம். இன்னொன்று நம்மைப் போன்றவர்கள் வைத்திருப்பது: 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர், குறளை 1916இல் ஆங்கிலத்தில் தந்தவர், கம்பனை ஹோமர், மில்டன் பக்கத்தில் நிறுத்தி ரசனையாகப் பேச முயன்ற முதல் ஆட்களில் ஒருவர். இரண்டு படங்களுமே மாணவனாக வெளிநாட்டில் இருந்த ஐயரை ஒரு வாக்கியத்தில் கடந்துபோய்விடுகின்றன. அவர் அங்கே என்ன படித்தார் என்று ஓரளவு கேட்டிருக்கிறோம். எங்கே, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டதில்லை. அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அவருடைய வாழ்க்கை கடைசியில் சிக்கிக்கொண்டது ஒரு சாப்பாட்டுப் பந்தியில்தான். ஆகவே அங்கிருந்து பின்னோக்கிப் பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

*

முதல் பந்தி லிங்கன்ஸ் இன்னில்.

அது பல்கலைக்கழகம் அல்ல. வழக்கறிஞர்களின் பழைய சங்கம். லண்டனில் அப்படி நான்கு உண்டு. அங்கே பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. பருவங்களைக் 'காக்க' வேண்டும். பருவம் காத்ததற்கு அத்தாட்சி, சங்கத்தின் கூடத்தில் மற்ற உறுப்பினர்களோடு உட்கார்ந்து இரவு விருந்து உண்பது. பன்னிரண்டு பருவங்கள், ஏறக்குறைய மூன்று வருஷம். ஐயருக்கு இருபது வருஷம் முன்பு இன்னர் டெம்பிளில் படித்த காந்தி இதைத் தன் சுயசரிதையில் வேடிக்கையாகச் சொல்கிறார். பருவத்துக்குச் சுமார் இருபத்து நான்கு விருந்துகள். ஆறுக்காவது போயாக வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு புட்டி ஒயின். குடிக்காத காந்தியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள மற்றவர்களுக்குள் போட்டி.

வேடிக்கைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு சமூகம் தன் உள்வட்டத்துக்குள் ஒருவனைச் சேர்ப்பதற்குக் கேட்கும் விலை, அவன் அதன் பந்தியில் உட்காருவது. இங்கிலீஷ்காரன் இதைச் சட்டப்படிப்பாகவே ஆக்கி வைத்திருந்தான். நம் ஊரில் இதே விதி தலைகீழாக இருந்தது. கடல் கடந்து அந்நியன் பந்தியில் உட்கார்ந்தவன் நம் பந்தியிலிருந்து எழுந்துவிட வேண்டும். 1888இல் காந்தி கப்பலேறும்போதே அவருடைய சாதி அவரைத் தள்ளி வைத்தது. லண்டனிலிருந்து திரும்பிய ராஜனை ஸ்ரீரங்கத்து வைதிகர்கள் ஒதுக்கினார்கள். 1914இல் கேம்பிரிட்ஜ் போன கும்பகோணத்து ராமானுஜன் டிரினிட்டியின் கூடத்தில் உட்காராமல் தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். 1917இல் உடம்பு படுத்துவிட்டது. கணிதத்தில் அவருக்கு ஹார்டி இருந்தார். சாப்பாட்டில் யாரும் இல்லை.

ஐயர் லிங்கன்ஸ் இன் விருந்துகளைச் சாப்பிட்டார், பரீட்சையும் தேறினார். ஆனால் பட்டம் வாங்க அரச விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. மறுத்துவிட்டார். மூன்று வருஷப் படிப்பின் பலன் ஒரு வாக்கியத்தில் போயிற்று. திருச்சி கோர்ட்டில் பிளீடராக இருந்து, ரங்கூனில் ஒரு ஆங்கிலப் பாரிஸ்டரிடம் ஜூனியராக உழைத்து, அதற்குப் பிறகு கடல் கடந்து போன நடுத்தரக் குடும்பத்து மனிதருக்கு இது சின்ன விலை அல்ல. இன்று நாம் 'தியாகம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மாதச் சம்பளக்காரனாகிய எனக்கு அந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் நேரம் உறுத்துகிறது.

*

இரண்டாவது பந்தி ஹைகேட்டில், 65, குரோம்வெல் அவென்யூ என்ற விலாசத்தில்.

இந்தியா ஹவுஸ் என்ற இந்த மாணவர் விடுதியை ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஏற்படுத்தினார். 1905 ஜூலை 1ஆம் தேதி ஆங்கில சோஷலிஸ்ட் ஹைண்ட்மன் திறந்துவைத்தார். சுமார் இருபத்தைந்து பேர் தங்கலாம். ஷியாம்ஜி உபகாரச் சம்பளங்களும் அறிவித்திருந்தார். அவற்றோடு வந்த நிபந்தனை முக்கியமானது: படித்து முடித்தவன் பிரிட்டிஷ் அரசாங்கத்தில் உத்தியோகம் ஏற்கக் கூடாது. படிப்பு என்றாலே உத்தியோகம் என்றிருந்த காலத்தில் படிப்பை உத்தியோகத்திலிருந்து அறுத்துவிட்ட நிபந்தனை இது. நம் கல்விச் சரித்திரத்தில் இதற்கு இணையானவை குறைவு. 1906இல் சாவர்க்கர் வந்தார். 1907இல் ஷியாம்ஜி பாரிஸுக்கு நகர்ந்தபின் விடுதி சாவர்க்கரின் கைக்கு வந்தது. ஐயர் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தார்.

அங்கே யார் யார் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். மராட்டியச் சித்பாவனர், பஞ்சாபி, வங்காளி, பார்ஸி, முஸ்லிம், சென்னையிலிருந்து போன மண்டயம் ஐயங்கார் எம்.பி.டி. ஆச்சார்யா, வரகனேரி ஸ்மார்த்தர், ஸ்ரீரங்கத்து வைஷ்ணவர். இந்தியாவுக்குள் எந்த ஊரிலும் 1907இல் இப்படி ஒரு மேஜை சாத்தியமாகியிருக்காது. 1908 மே 10ஆம் தேதி 1857 எழுச்சியின் நினைவு நாளை அங்கே கொண்டாடினார்கள். கிளர்ச்சிக்கு முன் கிராமம் கிராமமாகச் சுற்றிய சப்பாத்திகளின் ஞாபகமாகச் சப்பாத்தி விநியோகித்தார்கள். உணவையே சின்னமாக்கத் தெரிந்திருந்தது. 1857 பற்றிச் சாவர்க்கர் மராத்தியில் எழுதிய நூலை மாணவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது மேற்பார்வை ஐயருடையது. புத்தகம் 1909இல் வெளிவந்தது. குறள் மொழிபெயர்ப்பாளர் தன் தொழிலைக் கற்றுக்கொண்ட பட்டறைகளில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தப் பந்தியில் வேவுகாரனும் இருந்தான். கீர்த்திகர் என்று ஒருவர், பல் மருத்துவ மாணவர் என்று சொல்லிக்கொண்டு வந்து தங்கினார். சந்தேகப்பட்டு அவர் அறையைச் சோதித்துப் போலீசுக்கு எழுதிவந்த அறிக்கையைக் கண்டுபிடித்தவர் ஐயர் என்று சாவர்க்கரின் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ஆளை விரட்டவில்லை. தாங்கள் சொல்வதை மட்டும் எழுதியனுப்பும்படி செய்து கூடவே வைத்துக்கொண்டார்கள்.

1909 ஜூலை 1ஆம் தேதி, விடுதி திறந்து சரியாக நான்கு வருஷத்தில், யுனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மதன்லால் திங்க்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17இல் திங்க்ரா தூக்கிலிடப்பட்டார். விடுதி கலைந்தது.

கலைந்த கூட்டம் அந்த அக்டோபர் 24ஆம் தேதி விஜயதசமி விருந்து ஒன்றுக்குக் கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தூது வந்திருந்த காந்தியைத் தலைமைக்கு அழைத்தார்கள். சைவச் சாப்பாடு, சர்ச்சைக்குரிய அரசியல் வேண்டாம் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். அன்றைய சமையலில் ராஜனும் இருந்தார். அவர் பிற்பாடு சொன்ன காட்சி பலருக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் மெலிந்த ஒரு மனிதர் வந்து வேலை கேட்டார். பாத்திரம் கழுவினார், காய் நறுக்கினார். யாரோ தொண்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் வந்து பார்த்துத் திகைத்துப்போய்ச் சொன்ன பிறகுதான், அன்றைய தலைவர் அவர்தான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை, பரிமாறவும் செய்தார். மேஜையில் காந்தியும் சாவர்க்கரும் ராமாயணத்தைப் பற்றிப் பேசினார்கள். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அடுத்த மாதம் கப்பலில் திரும்பும்போது காந்தி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். லண்டனில் சந்தித்த இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைக் காந்தியின் எளிமைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. மற்றவர்கள் அந்த மேஜையில் சரிசமமாக உட்காரத் தெரிந்துகொண்டிருந்தார்கள். எச்சில் பாத்திரத்தை யார் கழுவுவது என்ற கேள்வி காந்திக்கு மட்டுமே இருந்தது.

*

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் பாரிஸுக்குத் தப்பினார். பெட்டியில் இருந்த வ.வே.சு. என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துக்களை வீர விக்ரம சிங் என்று வாசித்துக் காட்டி ஒற்றனை ஏமாற்றினார் என்ற கதை நம் எல்லோருக்கும் பால்யத்தில் சொல்லப்பட்டது. அந்த வருஷக் கடைசி மாதங்களில் புதுச்சேரி சேர்ந்தார். பத்து வருஷ அஞ்ஞாதவாசம். பாரதி, அரவிந்தர். மாணவப் பருவம் முடிந்தது. அதில் கற்றதைத் தன் ஊரில் கற்பிக்க அவருக்கு ஒரு சந்தர்ப்பம் மீதமிருந்தது.

மூன்றாவது பந்தி சேரன்மாதேவியில்.

1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம். தேசியக் கல்வி, தாய்மொழி, கைத்தொழில், எல்லா வகுப்புப் பையன்களும் ஒரே கூரையின் கீழ். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. பிராமணரல்லாத பெரியவர்கள் பலரும் பணம் தந்தார்கள். அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்று வெளியே தெரிந்தது. வரதராஜுலு நாயுடு தன் பத்திரிகையில் எழுதினார். ஈ.வெ.ரா. மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஐயர் தரப்பில் சொன்ன பதில்: பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்; தனிப்பட்ட முறையில் எனக்கு இந்த வேற்றுமை கிடையாது; வற்புறுத்தல் கூடாது, நாளடைவில் மாறும். காந்தியின் யோசனையும் நடுவழியாகவே இருந்தது: இருக்கிற பையன்கள் இருக்கட்டும், இனிமேல் அப்படிச் சேர்க்க வேண்டாம்.

1925 ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. கூடிய இடம் திருச்சி. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் ஸ்தாபனங்களில் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. அதையடுத்துக் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தவர்களில் ராஜாஜி இருந்தார். டாக்டர் ராஜனும் இருந்தார். ஹைகேட் மேஜையில் உட்கார்ந்தவர், கடல் கடந்ததற்காகத் தன் பந்தியிலிருந்து தள்ளப்பட்டவர். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார். வயது நாற்பத்து நான்கு. அந்த வருஷக் கடைசியில் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் பிற்காலம் அந்த இரண்டு தனி இலைகளைச் சுற்றி எவ்வளவு திரும்பிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

*

லண்டனில் முடிந்தது சேரன்மாதேவியில் ஏன் முடியவில்லை?

ஐயர் போலி என்று சொல்லித் தீர்த்துவிடுவது சுலபம். அது உண்மையும் அல்ல. பட்டத்தை உதறியவர், நாட்டை இழந்தவர், பெல்லாரி ஜெயிலில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி எழுதியவர், எதற்குப் போலியாக வேண்டும்? அவரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் 'காலம் அப்படி' என்பார்கள். அதுவும் சரியல்ல, அதே காலத்தில்தான் தீர்மானமும் நிறைவேறிற்று.

விடை ஹைகேட் மேஜையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குச் சமபந்தி இனாமாகக் கிடைத்தது. பாட்டி அங்கே இல்லை. சிராத்தத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லப் புரோகிதர் இல்லை. இங்கிலீஷ்காரன் பார்வையில் எல்லோரும் ஒரே கறுப்பு ஆசாமிகள். ஆகவே அவர்கள் தங்கள் பார்வையிலும் ஒன்றானார்கள். அதைவிட முக்கியம்: கப்பல் கட்டணம் கொடுக்க முடிந்தவர்களும், உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் எழுதும் அளவு படித்த குடும்பத்தவர்களும்தான் அங்கே போய்ச் சேர முடிந்தது. மதம் வேறு, மாகாணம் வேறு; ஆனால் பெரும்பாலும் ஒரே மேல்தளம். இந்தியா ஹவுஸ் தன்னை இந்தியா என்று நம்பியது. இந்தியாவின் முக்கால்வாசிப் பேருக்கு அதன் வாசற்படி தெரியாது. சமத்துவம் அங்கே சோதிக்கப்படவேயில்லை.

சோதனையைச் சந்தித்த மாணவர் வேறொருவர். 1913இல் கொலம்பியாவுக்கும் 1916இல் லண்டனுக்கும் போன அம்பேத்கர், கிரேஸ் இன்னில் சேர்ந்தார். பின்னால் பாரிஸ்டரும் ஆனார். ஐயர் சாப்பிட்ட அதே வகை விருந்துகள். 1917இல் உத்தியோகத்துக்காகப் பரோடா வந்தபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்ஸி சத்திரத்தில் ஒண்டியிருந்தார். தடி எடுத்துவந்து வெளியேற்றினார்கள். பின்னால் இதை அவரே எழுதியிருக்கிறார். ஐயருக்கு வெளிநாட்டில் கிடைத்த சமத்துவம் ஒரு அனுபவம். அம்பேத்கருக்கு அது ஒரு அளவுகோல். அனுபவம் ஞாபகமாகிவிடும். அளவுகோலை மறுபடி மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தாக வேண்டும்.

*

நாம் 'குளத்தங்கரை அரசமர'த்தை வடிவத்துக்காகவே படித்துவந்திருக்கிறோம். மரம் கதை சொல்வது புதுமையா, தாகூரின் படித்துறைக் கதையிலிருந்து வந்ததா என்ற விவகாரத்தில் நிறையத் தாள் செலவாகியிருக்கிறது. வங்கிக்காரன் என்பதால் அதில் ஆர்பத்நாட் முறிவு வருவதை நான் முதலில் கவனித்தேன். 1906இல் சென்னையை உலுக்கிய அந்த முறிவில் ருக்மிணியின் தகப்பனார் சொத்தை இழக்கிறார். மாமியார் வீடு மாறுகிறது. மகனுக்கு வேறு கல்யாணம் பேசுகிறார்கள். இவ்வளவும் சமூகச் சித்திரம். கதையின் முடிச்சு இதில் இல்லை, நாகராஜனிடம் இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. ருக்மிணியைக் கைவிடும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. கடைசி நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம், அதுவரை பெற்றோரின் ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பதுபோல இருக்கலாம் என்று நினைக்கிறான். அவன் நல்ல எண்ணம் அவளுக்குத் தெரியாது. அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

1915இல் இதை எழுதியவருக்கு, நல்ல எண்ணத்தோடு தாமதிப்பவன் செய்யும் பாதகம் இன்னதென்று தெரிந்திருந்தது. எழுதும்போது தெரிந்தது. பத்து வருஷம் கழித்து, 'நாளடைவில்' என்று சொன்னபோது தெரியவில்லை. ஒரு படைப்பு தன் ஆசிரியனைவிடப் புத்திசாலியாக இருக்க முடியும் என்பதற்கு நம் மொழியில் இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ராஜனின் கதை இன்னும் கொஞ்சம் நீண்டது. 1930இல் வேதாரண்ய யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்து புறப்பட்டது. 1937இல் மந்திரியானார், 1939இல் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்த மந்திரிசபை அது. மனிதர்கள் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி ஆகிவிடும். கல்லூரி நாட்களில் கவிதை எழுதும் நண்பன் ஒருவன் உத்திர வீதியில் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். நாங்கள் காம்யூவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். எனக்குக் காபி வெள்ளி டம்ளரில் வரும். அவனுக்கு வேறொரு டம்ளர். அது அடுக்களைக்குள் திரும்பப் போகாது; கிணற்றடி மாடத்தில் இருக்கும். பாட்டி காலத்துக்குப் பிறகு மாறிவிடும், இப்போது எதற்குக் கிழவியின் மனசை நோகடிப்பது என்று இருந்துவிட்டேன். பாட்டி போய்ச் சேர்ந்தாள். டம்ளரையும் காணோம். ஆனால் அதற்கு முன்பே நண்பன் வருவதை நிறுத்திவிட்டிருந்தான். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் எழுதுவதையும் நிறுத்திவிட்டான் என்று பிறகு தெரிந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலிருக்கலாம்.